மூலைக்கட்டில் ஊசி

“எங்க அம்மாவுக்கு மார்ஃபின் போடுங்க, சார்.”

காலை ரவுண்ட்ஸில், சீஃப் டாக்டரின் முகத்துக்கு நேரே சொன்னேன். இதைக் கேட்கவே கூடாது என்று எனக்குப் பாடம் எடுக்காத ஆள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே பெரிய சிஸ்டர் கூப்பிட்டுச் சொன்னார்: சொந்தக்காரங்களுக்காக டாக்டர்கிட்ட வாயைத் திறக்காதே, அதிலயும் மருந்துப் பேரைச் சொல்லிக் கேக்காதே. அம்மா அதையே வேறு மாதிரி சொன்னாள்: நாம கேக்குற ஆளுங்க இல்லடி. அண்ணன் இன்னும் சுருக்கம்: பொத்திக்கிட்டு இரு.

சீஃபுக்குப் பின்னால் நின்ற ஜூனியர் டாக்டர்கள் தரையைப் பார்த்தார்கள். தரை சுத்தமாகத்தான் இருந்தது. தினமும் துடைக்கிற அம்மா படுத்துக்கிடந்தாலும் துடைக்க வேறு ஒரு அம்மா வந்துவிடுகிறாள்.

“நீ தியேட்டர் பொண்ணுதானே?” என்றார் சீஃப்.

“ஆமா சார். அனஸ்தீசியா டெக்னீஷியன்.”

“டெக்னீஷியனா? நீ கேட்ட தோரணையைப் பாத்து டாக்டர்னு நினைச்சுட்டேன்.”

ஜூனியர்கள் அளவாகச் சிரித்தார்கள். சீஃப் அம்மாவின் பக்கம் குனிந்தார்.

“என்ன ஆயாம்மா, வலிக்குதா?”

அம்மா இரண்டு கைகளாலும் வயிற்றுக் கட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருந்தாள். மூடி சரியாகப் பொருந்தாத டப்பாவைப் பிடிப்பதுபோல. முகம் சாம்பல் பூத்திருந்தது.

“இல்லைங்க டாக்டர். வலியே இல்ல. அவ சின்னப் பொண்ணு. ஏதோ பேசுறா.”

இந்த நாலு வாக்கியத்தைச் சொல்ல அவள் ஏழெட்டுத் தடவை மூச்சு வாங்கினாள். குட்டிக் குட்டி மூச்சு. பறவை தண்ணீர் குடிப்பதுபோல.

“பாத்தியா? நோயாளியே இல்லங்கிறாங்க. உனக்குத்தான் வலிக்குது போல” என்று சொல்லிவிட்டு சீஃப் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

பெரிய சிஸ்டர் அம்மாவின் பாதத்தைத் தட்டிக்கொடுத்தார். வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “எல்லாரும் பாத்துக்குங்க. வயித்தைத் திறந்து தைச்சிருக்கு. ஒரு சத்தம் உண்டா?”

பக்கத்துக் கட்டிலில் இருந்த தையல்காரம்மா வாயில் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டதும் துண்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டாள்.

அம்மா என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். படிக்கவைத்த மகள் பெரிய மனிதர்கள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாளே என்ற வெட்கம். அப்படித்தான் நினைத்தேன்.

*

தொடர்ந்து படிப்பவர்களுக்கு எங்கள் வீட்டைத் தெரியும். இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அம்மா இந்த ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் வார்டில் ஆயா. அப்பா போன பிறகு பெரிய சிஸ்டர் பார்த்து வாங்கிக் கொடுத்த வேலை. அண்ணன் பின்பக்க லிஃப்ட்டை ஓட்டுகிறான். அதுவும் அவர் தயவு. நான் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. மயக்க மருந்து டாக்டர்களுக்கு உதவியாகத் தியேட்டரில் நிற்கிறேன். முந்தாநாள் அம்மா வார்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே சுருண்டு விழுந்தாள். குடலில் ஓட்டை. பல நாளாக வயிற்று வலியை யாரிடமும் சொல்லாமல் வேலை செய்திருக்கிறாள். அவசரமாக வயிற்றைத் திறந்து, கழுவி, தைத்தார்கள். உயிர் தப்பினாள்.

தப்பித்தவள் இப்போது மூச்சு விடப் பயந்து படுத்திருக்கிறாள். வயிற்றில் அத்தனை நீளத்துக்குத் தையல் இருந்தால், ஆழமாக மூச்சு இழுக்கும்போது உயிர் போகும் வலி வரும். அதனால் பாதி மூச்சோடு நிறுத்திக்கொள்வார்கள். இரும மாட்டார்கள். நுரையீரலின் அடிப்பகுதி காற்றுப் போகாமல் சுருங்கும், சளி தங்கும், காய்ச்சல் வரும். ஆபரேஷனில் பிழைத்தவர்கள் அதற்கப்புறம் சாகிற வழிகளில் இதுவும் ஒன்று. அம்மாவுக்குப் பாராசிட்டமால் டிரிப் மட்டும்தான் போகிறது. தீப்பிடித்த வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர்.

*

“வா டிகிரி” என்றான் அண்ணன். எனக்கு அவன் வைத்த பெயர் அது. கோபம் வந்தால் மட்டும் கூப்பிடுவான்.

பின்பக்க லிஃப்ட் என்பது அழுக்குத் துணி, குப்பை, பிணம் மூன்றுக்கும் பொது. அவன் அதன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். விஷயம் எனக்கு முன்னாலேயே கீழே வந்துவிட்டது.

“படிச்சதைக் காட்டிட்ட இல்ல?”

“அம்மாவால மூச்சு விட முடியலண்ணே.”

“நான் பாத்துட்டுத்தான் வந்தேன். விட்டுக்கிட்டுதான் இருக்காங்க.”

“அது மூச்சா? நெஞ்சோட நின்னுடுது. ஆக்சிஜன் அளவு இறங்கிக்கிட்டே இருக்கு.”

“அம்மாவே வலி இல்லன்னு சொன்னாங்க இல்ல?”

“அம்மா எதுக்குத்தான் ஆமான்னு சொல்லியிருக்காங்க?”

அவன் ஸ்டூலிலிருந்து எழுந்து லிஃப்ட்டின் கம்பிக் கதவை இழுத்துச் சரிபார்த்தான். நன்றாக இருக்கும் கதவு.

“என்னை நிரந்தரம் பண்றது பெரிய சிஸ்டர் சொல்ற ஒரு வார்த்தையிலதான் நிக்குது. இந்த மாசம் விட்டா அப்புறம் எப்பவோ. எனக்கு வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கு. உனக்கு என்ன, எங்க போனாலும் வேலை கிடைக்கும்.”

“அதுக்காக அம்மா வாயைப் பொத்தணுமா?”

“அதைச் சொல்லல.” குரல் சட்டென்று இறங்கியது. “நீ ஆயிரம் கேளு. சீஃப் சட்டையைப் பிடிச்சுக் கேளு. அந்த ஊசி பேரை அம்மா காதுல விழுற மாதிரியா சொல்லுவ?”

“ஏன், கெட்ட வார்த்தையா அது?”

மேலே எங்கோ மணி அடித்தது. அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். கண் கலங்கியிருந்தது. பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் திட்டிவிட்டுப் படியேறினேன்.

*

தியேட்டரில் இரண்டு ஆபரேஷனுக்கு நடுவே மேடம் காகிதக் கோப்பையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மயக்க மருந்து டாக்டர். சீக்கிரம் ஓய்வு பெறப் போகிறவர். யாரிடமும் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. நான் முழுவதையும் சொல்லி முடிப்பதற்குள் கேட்டார்:

“இருமச் சொன்னியா?”

“மாட்டேங்கிறாங்க மேடம்.”

“அசையாம கட்டை மாதிரி கிடக்கிறவளைப் போய் வலிக்குதான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவா. இருமச் சொல்லிட்டுக் கேக்கணும். உங்க சீஃபுக்கு இது தெரியாமயா இருக்கும்? கேட்டா பதில் வரும், பதில் வந்தா ஏதாவது செய்யணும். அதான் கேக்குறதில்ல.”

“ஏதாவது செய்யலாமா மேடம்?”

“ஏன் செய்ய முடியாது? வயித்துச் சதைக்கு ரெண்டு பக்கமும் மரத்துப்போற ஊசி போடலாம். மிச்ச வலிக்கு மார்ஃபின். அளவு கூடினா மூச்சை அமுக்கிடும், அதனால துளித் துளியா, பக்கத்துலயே உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கிட்டே. சாயங்காலமே எழுந்து உட்கார்ந்து உன்னைத் திட்டுவாங்க.”

“இப்பவே வாங்க மேடம்.”

“சீட்டு எங்க?”

அதுதான். ஒரு வார்டின் நோயாளியை வேறு துறை டாக்டர் தொட வேண்டுமென்றால் அந்த வார்டு சீஃப் எழுதிக் கூப்பிட வேண்டும். இந்த சீஃப் எழுத மாட்டார். காலையில் அத்தனை பேர் முன்னால் ஒரு டெக்னீஷியன் கேட்டதற்குப் பிறகு, செத்தாலும் எழுத மாட்டார்.

மேடம் கோப்பையைக் கசக்கிக் குப்பையில் போட்டார். “சீட்டு இல்லாம வந்தா சண்டைதான். எனக்குப் பரவாயில்ல, நான் வீட்டுக்குப் போற ஆள். வரேன். ரெண்டு விஷயம் மட்டும். உங்க அம்மா தன் வாயால வலிக்குதுன்னு என்கிட்ட சொல்லணும். இல்லன்னு சொல்ற நோயாளிக்கு நான் ஊசி போட முடியாது. அப்புறம், யார் கூப்பிட்டான்னு கேட்டா உன் பேரைத்தான் சொல்லுவேன். பொய் சொல்ல மாட்டேன்.”

“சரி மேடம்.”

“யோசிச்சுச் சொல்லு. உன் வேலை மட்டும் இல்ல. உங்க வீட்டு வேலை மூணும் அந்த வார்டுலதான் தொங்குது.”

*

மதியம் நான் திரும்பி வந்தபோது அம்மாவின் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் கருவி எண்பத்தொன்பது காட்டியது. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது. மூக்கு, வாய் மூடி ஆக்சிஜன் முகமூடி. உடம்பு அனலாய்க் கொதித்தது. ஜூனியர் டாக்டர் ஒருவர் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, வலது பக்கம் அடியில் காற்றே போகவில்லை என்று சீஃபுக்குப் போன் செய்தார். சாயங்காலத்துக்குள் தேறாவிட்டால் ஐசியூவுக்கு மாற்றி, தொண்டையில் குழாய் இறக்கி, மெஷின் வைத்துவிடலாம் என்று பதில் வந்தது.

மெஷின் எனக்குத் தெரியும். வேண்டியவர்களுக்கு அது தெய்வம். வலியை நிறுத்தினாலே மூச்சு விடப் போகிறவளுக்கு எதற்கு? இந்த வயதில், இந்த உடம்பில், குழாய் இறக்குவது சுலபம். வெளியே எடுப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

கட்டில் ஓரமாக உட்கார்ந்தேன்.

“ஒரு தடவை இருமும்மா.”

“தொண்டை... நல்லாத்தான் இருக்கு.”

“எனக்காக.”

இழுத்தாள். பாதியில் நின்றது. கட்டில் கம்பியைப் இறுகப் பிடித்தாள். கழுத்து நரம்பு புடைத்து, நெற்றியில் வியர்வை கொப்பளித்தது. ஒரு சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் காது வரைக்கும் ஓடியது.

“இதுக்குப் பேர் என்னம்மா?”

“தையல் இழுக்குது. அவ்வளவுதான்.”

“பெரிய சிஸ்டர் மெச்சிக்கணும்னு செத்துப்போகப் போறியா நீ?”

கோபத்தில் கேட்டுவிட்டேன். அம்மா முகமூடியை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக.

“ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லுவியா?”

“கேளு.”

“நான் தேற மாட்டேன்னு உன்கிட்ட சொல்லிட்டாங்களா?”

“யாரு சொன்னது அப்படி?”

“நீதான். காலையில. அத்தனை பேர் முன்னாடி மூலைக்கட்டில் ஊசி கேட்டியே.”

வார்டின் கோடியைத் திரும்பிப் பார்த்தேன்.

வார்டின் கடைசியில், பின்பக்க லிஃப்ட்டுக்குப் போகும் கதவை ஒட்டி ஒரு கட்டில் உண்டு. இனி செய்ய ஒன்றுமில்லை என்று முடிவானவர்களை அதில் போடுவார்கள். இந்த வார்டில் மார்ஃபின் அந்தக் கட்டிலுக்கு மட்டும்தான் போகும். ஆயாக்கள் தங்களுக்குள் அதற்கு வைத்திருக்கும் பெயர் மூலைக்கட்டில் ஊசி. அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன், அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன்.

“இத்தனை வருஷமா பாக்குறேன்டி.” விட்டு விட்டுப் பேசினாள். “அந்த ஊசி போட்டவங்க ஒருத்தர்... முன்வாசல் வழியா வீட்டுக்குப் போனதில்ல. எல்லாரையும் நான்தான் தள்ளிட்டுப் போனேன். உங்க அண்ணன் கீழ இறக்கினான். வலிக்குதுன்னு சொன்னா எனக்கும் அதைப் போட்டுருவாங்க. அதான் சொல்லல.”

அம்மா கண்ணால் பார்த்ததில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அந்த ஊசி யாரையும் கொல்லவில்லை. சாகப்போகிறவர்களுக்கு மட்டுமே அதை வைத்திருந்தார்கள். டாக்டருக்கு இப்படித் தோன்றாது, பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கும் தோன்றாது. டிராலியைத் தள்ளுகிறவளுக்குத்தான் தோன்றும். காலையில் நான் அவளுக்கு மருந்து கேட்டேன். அவள் காதில் விழுந்ததோ, பெற்ற மகள் தன்னைக் கைவிட்ட செய்தி. அண்ணனுக்கும் அப்படியேதான் விழுந்திருக்கிறது.

“அம்மா, உன்னை ஆபரேஷன் பண்ணப்ப என்ன ஊசி போட்டாங்க தெரியுமா?”

“மயக்க ஊசி.”

“அதோட சேர்த்து மார்ஃபினும் போட்டாங்க. நான்தான் மருந்துக் குப்பியை உடைச்சு, சிரிஞ்சுல ஏத்தி, மேடம் கையில கொடுத்தேன்.”

அம்மா கண்ணை விரித்தாள். “நீயா?”

“நானேதான்.”

“எனக்கா?”

“உனக்குத்தான். தியேட்டர்ல தினமும் போடுறோம். கால் உடைஞ்சவங்க, வயிறு தைச்சவங்க, எல்லாருக்கும். எழுந்து நடந்து வீட்டுக்குப் போறாங்க. நீ ஒரு மூலையை மட்டும் பாத்துட்டுப் பேசுற.”

நம்பவில்லை. முகத்தில் தெரிந்தது. நான் பொறுமை இழந்தேன்.

“சரி, போட்டாச்சு இல்ல? நீ செத்துட்டியா?”

“தெரியலயே” என்றாள் அம்மா. “செத்தப்புறமும் இந்த மெத்தையில... இதே முடிச்சுதான் குத்துதுன்னா... எதுக்குடி சாகணும்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து அவளுக்கும் வந்தது. வந்த வேகத்தில் இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திக்கொண்டு, உதட்டைக் கடித்து, தலையைப் பக்கவாட்டில் திருப்பி...

“சிரிக்க வைக்காதடி.”

“ஏன்?”

வயிற்றிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்.

“வலிக்குது.”

என் வாழ்க்கையில் அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

“டாக்டரம்மா வந்து கேட்டா இதையே சொல்லுவியா?”

“பெரிய சிஸ்டர் நிப்பாங்களே.”

“நிக்கட்டும்.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அது சரியா, முடியாதா என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் தையல்காரம்மா வாயிலிருந்து துண்டை எடுத்தாள்.

“தங்கச்சி, அந்த டாக்டரம்மா வந்தா... என்னையும் பாக்கச் சொல்லு.”

*

பெரிய சிஸ்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அண்ணன் ஏற்கெனவே சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். கையைக் கட்டிக்கொண்டு.

“உட்காரு” என்றார். உட்காரவில்லை.

“சாயங்காலம் சீஃப் வருவார். தெரியாம கேட்டுட்டேன் சார்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அவர் மறந்துடுவார். உங்க அம்மாவை ஐசியூவுக்கு மாத்திடலாம், அதுதான் எல்லாருக்கும் பாதுகாப்பு. உங்க அண்ணன் விஷயத்தை இந்த வாரமே நான் முடிச்சுக் கொடுக்குறேன்.”

“ஐசியூ வேண்டாம் சிஸ்டர். அம்மாவுக்கு வலிதான் பிரச்சினை.”

“வலி வலின்னு உயிரை எடுக்காதே. எனக்குத் தெரியாத வலியா?” மேசை மேல் இருந்த சாவிக்கொத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “உன் வயசுல நானும் கேட்டவங்களுக்கெல்லாம் அந்த ஊசியைப் போட்டேன். வார்டு முழுக்க நோயாளிங்க, டூட்டியில நான் ஒருத்தி. ஒருத்தருக்கு ஊசி போட்டுட்டு இன்னொருத்தர் ரத்தத்தை நிறுத்தப் போனேன். திரும்பி வந்து பாத்தா மூச்சு இல்ல. பக்கத்துல உட்கார ஆள் கொடுக்காதவங்க, என்னைக் கூண்டுல ஏத்தாத குறையா விசாரிச்சாங்க. அன்னைக்கு முடிவு பண்ணேன். என் வார்டுல அது சாகப்போறவங்களுக்கு மட்டும்தான். சாகப்போறவங்க செத்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

அவர் அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு எங்கள் அம்மா எதற்காக மூச்சைக் கொடுக்க வேண்டும்?

“பக்கத்துல நான் உட்காருறேன் சிஸ்டர். ராத்திரி பூரா மூச்சை எண்ணுறேன்.”

“உனக்கு உங்க அம்மா ஒருத்தி. நாளைக்கு மத்தவங்களும் கேப்பாங்க. ஆயாவுக்குப் போட்டீங்களே, எனக்கு ஏன் இல்லன்னு. அப்ப யாரு உட்காருவா?”

“ஆள் கேளுங்க. கேட்டாத்தானே கொடுப்பாங்க?”

“கேளுங்க, கேளுங்க.” அவர் என்னை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தார். “இதுக்குத்தான் படிக்க வச்சீங்களா? நீயே சொல்லுப்பா உன் தங்கச்சிக்கு.”

அண்ணன் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

“அண்ணே, அம்மா வலிக்குதுன்னு சொன்னாங்க.”

“யாரு?”

“அம்மா. அவங்க வாயால.”

கட்டியிருந்த கை அவிழ்ந்து தொங்கியது. அண்ணன் சிஸ்டரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

“அந்த ஊசி மூலைக்கட்டிலுக்கு மட்டும் இல்லண்ணே. ஆபரேஷன் அப்பவே அம்மாவுக்குப் போட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் நினைச்ச மாதிரி நான் கைவிடல.”

“இங்க என்ன குடும்பக் கதை ஓடுது?” என்றார் பெரிய சிஸ்டர். “கடைசியாக் கேக்குறேன். சீஃப்கிட்ட சொல்லுவியா, மாட்டியா?”

“நான் மேடத்தைக் கூட்டிட்டு வரப் போறேன் சிஸ்டர்.”

“சீட்டு இல்லாமயா?”

“சீட்டு இல்லாமதான். யார் கூப்பிட்டான்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க.”

“இந்த ரூமை விட்டு இப்படிப் போனா, உங்க வீட்டு ஆளுங்க ஒருத்தருக்காகவும் இனிமே நான் பேச மாட்டேன். தெரிஞ்சுதானே போற?”

தெரிந்துதான். மேடம் யோசிக்கச் சொன்னபோதே யோசிக்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. அண்ணனின் இரண்டு பிள்ளைகளும் கண் முன்னால் வந்தார்கள். வந்து நின்றார்கள். அவர்களையும் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

கதவைத் திறந்தேன். மேடத்தின் கடைசி ஆபரேஷன் முடியும் நேரம். சீஃப் வருவதற்குள் அவரை அம்மாவின் கட்டிலுக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். எனக்குப் பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும்போது, உள்ளே அண்ணன் ஏதோ பேசத் தொடங்குவது கேட்டது. மன்னிப்புக் கேட்கிறானா, சண்டை போடுகிறானா என்று தெரிந்துகொள்ள நான் நிற்கவில்லை.